ஆளில்லாக் காணி: சம்பூர், புல்லுமலை, நாளைக்கு வரப்போற டேட்டா சென்டர்

“அக்கா, நம்மட ஆத்தங்கரையில ஒரு டேட்டா சென்டர் வந்தா நல்லந்தானே?”

போன மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் ஒரு தம்பி இப்படிக் கேட்டான். உயர்தரம் முடித்துவிட்டுக் கணினி படிக்கிறவன். கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. வேலைக்காகக் கொழும்புக்கும் கட்டாருக்கும் பிள்ளைகளை அனுப்புகிற ஊர் இது. பக்கத்தில் நின்ற தங்கச்சி, “அது ஊர்த் தண்ணியெல்லாம் குடிச்சிரும் எண்டு யூடியூப்பில சொல்றாங்களே” என்றாள். “கம்ப்யூட்டர் எங்க தண்ணி குடிக்கிற?” என்று இன்னொருவன் சிரித்தான். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அப்படி ஒரு திட்டம் வந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தம்பி கேட்ட கேள்வி நம்மட பக்கத்துக்குப் புதிதில்லை. ஒருகாலம் அது காகித ஆலையாக வந்தது. பிறகு அனல் மின் நிலையமாக வந்தது, தண்ணீர்த் தொழிற்சாலையாக வந்தது. பெரிய கட்டடம், பெரிய முதலீடு, நம்மட தண்ணி, நம்மட காணி. ஒவ்வொரு முறையும் சனம் என்ன கேட்டது, எப்போது கேட்டது, என்ன பதில் கிடைத்தது என்ற வரலாறு நம்மிடம் இருக்கிறது. டேட்டா சென்டரைப் பற்றிப் பேசுமுன் அதை ஒருதரம் திருப்பிப் பார்ப்போம்.

மண்பானைக் கணக்கு

கம்ப்யூட்டர் தண்ணி குடிப்பதில்லை என்பது சரி. ஆனால் அது சூடாகும். தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கூரையின் கீழ் இரவு பகலாக ஓடவிடும் இடம். உள்ளே போகிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரங்கள் நின்றுவிடும்.

சூட்டை எடுக்கிற மலிவான வழி அம்மம்மாவின் மண்பானையில் இருக்கிறது. பானையின் மேற்பரப்பில் கசிகிற தண்ணி ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கிற தண்ணியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பானைத் தண்ணி சில்லென்று இருக்கிறது. பல தரவு மையங்கள் இதே கணக்கைக் கோபுரம் கட்டிப் பெரிதாகச் செய்கின்றன. ஆவியான தண்ணி திரும்பி வராது. மிச்சத் தண்ணியில் உப்பும் மருந்தும் கூடிக்கொண்டு போவதால் அதையும் இடைக்கிடை வெளியேற்றிவிட்டு, புதுத் தண்ணி நிரப்ப வேண்டும். கோபுரத்துக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும், உப்புத் தண்ணி குழாயைத் தின்றுவிடும். ஆகவே அது தேடி வருவது நாம் குடிக்கிற தண்ணியை.

தண்ணி இல்லாமல் காற்றாலும் குளிரூட்டலாம். அதற்குப் பெரும்பாலும் மின்சாரம் கூடச் செலவாகும். பெரிய தரவு மையம் ஒன்று 100 மெகாவாற்றும் அதற்கு மேலும் கேட்கும். முழு இலங்கையின் உச்ச மின் தேவையே ஏறத்தாழ 3,000 மெகாவாற்தான். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இதைக் கேட்டுப் போராடிய ஊர்கள் இருக்கின்றன. தென் அமெரிக்காவில் உருகுவே என்ற சின்ன நாடு. 2023இல் அங்கே கடும் வறட்சி வந்தது. தலைநகர் மொண்டெவிடேயோவின் நீர்த்தேக்கம் வற்றியபோது கழிமுகத்து உவர்நீரைக் கலந்து குழாயில் விட்டார்கள். சனம் உப்புத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் கூகுள் அங்கே கட்டவிருந்த தரவு மையத்தின் தண்ணிக் கணக்கு வெளியே வந்தது: ஒரு நாளைக்கு 76 இலட்சம் லீற்றர், அதாவது 55,000 பேரின் வீட்டுப் பாவனைக்குச் சமம். அந்த எண்ணை அரசாங்கம் தானாகத் தரவில்லை, ஒரு ஆய்வாளர் நீதிமன்றம் போய்த்தான் வாங்கினார். “இது வறட்சி இல்லை, கொள்ளை” என்று சுவர்களில் எழுதினார்கள். மறுகா கம்பனி தண்ணிக்குப் பதிலாகக் காற்றால் குளிரூட்டும் சிறிய திட்டமாக அதை மாற்றியது.

பக்கத்திலும் பார்க்கலாம். வங்காள விரிகுடாவின் மற்றக் கரையில், விசாகப்பட்டினத்தில், ஐந்து வருடத்தில் 1,500 கோடி டொலர் போட்டுத் தரவு மையங்கள் அமைக்கப்போவதாகக் கூகுள் 2025 ஒக்ரோபரில் அறிவித்தது. நிலம், தண்ணி, மின்சாரம் பற்றிய கேள்விகள் அங்கேயும் எழும்பிவிட்டன.

சரி, நம்மட கதைக்கு வருவோம். தரவு மையம் நமக்குத் தூரத்து விஷயமாக இருக்கலாம். ஆனால் சூட்டைத் தண்ணியில் கொட்டுகிற பெரிய திட்டம் ஒன்று நம்மட கிழக்குக் கரைக்கு வந்து, பத்து வருடம் நின்று, திரும்பிப் போயிருக்கிறது.

ஊர் இல்லாத நேரம் போட்ட கையெழுத்து

சம்பூர் நமக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது. மட்டக்களப்பில் கொஞ்சம் வயதானவர்களுக்குச் சம்பூர்ச் சனத்தை நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் இங்கே வந்து இருந்தார்கள்.

2006 ஏப்ரல் கடைசியில் மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டும் ஷெல்லும் விழத் தொடங்கின. யூலை கடைசியில் மாவிலாற்றுச் சண்டை தொடங்கியது. செப்ரெம்பர் 4ஆந் திகதி சம்பூர் இராணுவத்திடம் போனது. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை ஆகிய ஊர்களின் சனம் அதற்கு முன்னமே வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைப் பக்கம் வந்துவிட்டது. நவம்பர் 8ஆந் திகதி, அகதிகள் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது ஷெல் விழுந்தது. அங்கிருந்தும் எழும்பி, காட்டாலும் கடலாலும் மட்டக்களப்புக்கு வந்தார்கள். நம்மட பள்ளிக்கூடங்களிலும் வெறும் வளவுகளிலும் கூடாரம் போட்டு இருந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

கதிரவெளியில் ஷெல் விழுந்து ஏழு கிழமை கழித்து, 2006 டிசம்பர் 29ஆந் திகதி, இலங்கை அரசாங்கம், முதலீட்டுச் சபை, மின்சார சபை, இந்தியாவின் தேசிய அனல் மின் கழகம் ஆகிய நான்கும் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் ஒன்று கட்டுவதற்கான உடன்படிக்கை அது. அந்தப் “பகுதி” பிறகு சம்பூர் என்று ஆனது.

இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணிக்காரன் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறான். யாரைக் கேட்பது? கேட்கத்தான் ஆள் இல்லையே.

2007 மே 30ஆந் திகதி வர்த்தமானி மூலம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கப்பட்டன. அதை எதிர்த்து அந்த வருடமே உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு எடுபடவில்லை. மட்டக்களப்பில் இருந்தவர்கள் பஸ்ஸில் ஏற்றப்பட்டு, கிளிவெட்டி போன்ற இடைத்தங்கல் முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். தங்கள் வயலில் இருந்து சில மைல் தூரத்தில், தகரக் கொட்டிலுக்குள், வருடக் கணக்காக. 2011 செப்ரெம்பரில் இரு நாட்டு நிறுவனங்களும் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2013 ஒக்ரோபரில் மின்சாரக் கொள்வனவு உடன்படிக்கையும் வந்தது. இதற்கிடையில் 2012இல், அதே பகுதியில் 818 ஏக்கர் கனரகக் கைத்தொழிலுக்கென்று வேறாக ஒதுக்கப்பட்டது.

2015 சனவரியில் ஆட்சி மாறியது. அந்த வருடம் 818 ஏக்கரும் சனத்துக்குத் திரும்பியது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடப்பட்டது. ஒன்பது பத்து வருடத்துக்குப் பிறகு சனம் போய்ப் பற்றையை வெட்டிக் கிணற்றைத் தேடியது. ஆனால் மின் நிலையத்துக்கென்று பிடித்த சுமார் 500 ஏக்கர் திரும்பவில்லை.

இங்கேதான் கதை மாறுகிறது. ஊர் திரும்பிய சனத்துக்கு இப்போது வாயும் இருந்தது, நிற்க ஒரு இடமும் இருந்தது. காணியைத் தா என்ற பழைய கேள்வியோடு புதுக் கேள்விகளும் சேர்ந்தன. நிலக்கரி மின் நிலையத்தில் எரிக்கிற சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கடல் தண்ணியால் குளிர்வித்து, சூடான தண்ணியைத் திரும்பக் கடலில் விட வேண்டும். கொட்டியாரக் குடாவின் மீனும் இறாலும் அதைத் தாங்குமா? சாம்பலை எங்கே கொட்டுவது? நுரைச்சோலையில் நிலக்கரித் தூள் பற்றிச் சனம் சொல்வதைக் கேட்டீர்களா? கொட்டியாரக் குடா தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் சோறு போடுகிற கடல். அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குச் சம்பூரில் காணி உறுதி வைத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

ஊருக்குள் ஆர்ப்பாட்டம் நடந்தது. கொழும்பில் ஒரு சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2016 செப்ரெம்பர் 13ஆந் திகதி, சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்படாது என்று சட்டமா அதிபர் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது.

இதைச் சனத்தின் வெற்றி என்று மட்டும் எழுதினால் அது அரைவாசிக் கதை. ஆட்சி மாறியிருந்தது, நிலக்கரிக்கு உலகம் முழுக்க மதிப்புக் குறைந்திருந்தது, இந்தியாவோடு வேறு பேரமும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் 2006இல் கேட்க ஆள் இல்லாமல் போட்ட கையெழுத்து, 2016இல் கேட்க ஆள் வந்த பிறகு நிற்கவில்லை என்பதும் உண்மைதான். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்து, அதே சம்பூருக்கான 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தை அங்கிருந்தபடியே தொடக்கி வைத்தார். சூரிய மின்சாரத்துக்குக் கரியும் இல்லை சாம்பலும் இல்லை. ஆனால் அதுவும் காணியில்தான் நிற்க வேண்டும். அதே வருடம் திருகோணமலையின் முத்துநகரில் சூரிய மின் திட்டங்களுக்காக வயலை இழந்த விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். நல்ல திட்டம் என்றாலும் காணிக்காரனைக் கேட்காமல் முடியாது.

புல்லுமலை: வென்றதும் தோற்றதும்

இனி வீட்டுக்குக் கிட்ட. செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் மேற்கே போனால் வரும் ஊர் பெரிய புல்லுமலை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பலமுறை எரிந்து, கலைந்து, இடம்பெயர்ந்த ஊர். சண்டை முடிந்து திரும்பியவர்கள் பழைய சனத்தில் ஒரு பகுதிதான். கோடை வந்தால் அந்தப் பக்கத்து ஊர்களில் பவுசர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குக் குழாயில் போகிறது, ஆனால் குளத்தைச் சுற்றியிருக்கிற ஊருக்குக் குழாய் எப்போது என்று படுவான்கரையில் கேட்காத ஆள் இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில் நிலத்தடி நீரை எடுத்துப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று எழும்பத் தொடங்கியபோது சனம் கொதித்தது. பவுசருக்குக் காத்து நிற்கிற ஊரில் இருந்து லொறியில் தண்ணி வெளியே போகும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? 2018 செப்ரெம்பர் 7ஆந் திகதி மட்டக்களப்பில் ஹர்த்தால். கடைகள் பூட்டப்பட்டன. அந்த எதிர்ப்புக்குப் பிறகு வேலை நின்றது.

இதை நாங்கள் வென்ற கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் ஒரு வெட்கமும் இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். தண்ணிக் கேள்வியாகத் தொடங்கியது சில நாட்களிலேயே “அவங்கட தொழிற்சாலை, நம்மட தண்ணி” என்று ஆகிப்போனது. முகநூலைத் திறந்தால் எத்தனை லீற்றர், எத்தனை அடி ஆழம், எந்த நீரூற்று என்ற பேச்சே இல்லை. தமிழரா முஸ்லிமா என்ற பேச்சுத்தான். முஸ்லிம் ஊர்களில் இருந்து வந்திருக்கக்கூடிய ஆதரவைக் கேட்டு வாங்கவும் இல்லை, வரவும் இல்லை. இரண்டு பக்கத்திலும் பழைய காயங்கள் இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் நாளைக்கு நம்மட ஆள் ஒருவர் அதே ஆழத்துக்குக் குழாய் இறக்கினால் நாம் கேட்போமா? அந்தக் கேள்வியை நாம் அன்றைக்கு எழுப்பவே இல்லை.

எழுவான்கரையில் இந்தப் பிரிவினை இன்னும் ஆபத்தானது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் துண்டில்தான் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் இருக்கின்றன. மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணி கீழே இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் வருடம் முழுக்க நல்ல தண்ணி. பெரிய மோட்டர் போட்டு இழுத்தால் கீழே இருந்து உப்பு ஏறிவிடும்.

இதை நாம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கண்ணால் பார்த்தோம். சுனாமித் தண்ணி கிணற்றுக்குள் புகுந்ததும், இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் இறைத்தார்கள். உதவி நிறுவனங்களும் பம்பு கொண்டுவந்து இறைத்தன. மட்டக்களப்புக் கிணறுகளைப் பிறகு ஆராய்ந்தவர்கள், திரும்பத் திரும்ப இறைத்ததால் பெரிதாகப் பயன் இல்லை, அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரவும் கூடும், மழைதான் கிணறுகளைக் கழுவியது என்று எழுதினார்கள். அம்மம்மா அதை ஒரு வசனத்தில் சொல்லுவா: “ரெண்டு மாரி போகணும் மனே, அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரி இருந்த.” காத்தான்குடியில் ஒரு பெரிய குழாய்க்கிணறு இறங்கினாலும் சரி, ஆரையம்பதியில் இறங்கினாலும் சரி, உப்பு ஏறுவது ஒரே மணலுக்குள்தான்.

சம்பூரையும் புல்லுமலையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இரண்டுமே திட்டக்காரர் கண்ணுக்கு “ஆளில்லாக் காணி”. ஆனால் அந்தக் காணிகள் தானாக வெறுமையாகவில்லை. சண்டை வந்து ஆளைக் கலைத்தது, பற்றை மூடியது, அதன் பிறகு வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்தது. மயிலத்தமடு, மாதவனையிலும் இதே கதைதான். மாடு வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்காது. சண்டைக் காலத்தில் பண்ணையாளர் போக முடியாமல் இருந்த நாட்களும் உண்டு. அதனால் அது யாருடையதும் இல்லாத நிலம் என்றாகிவிடுமா? 2023 செப்ரெம்பரில் அவர்கள் தொடங்கிய போராட்டம் இதைத்தான் கேட்டது. தரவு மையம் தேடுவதும் விலை குறைந்த, பரந்த, “பிரச்சினை இல்லாத” காணியைத்தான். நம்மட மாவட்டத்தில் அப்படித் தெரிகிற காணிகள் நிறைய இருக்கின்றன. ஏன் அப்படித் தெரிகின்றன என்பது நமக்குத் தெரியும்.

“அப்ப எங்களுக்கு வேல வேணாமா?”

தம்பி இதை வாசித்தால் இப்படித்தான் கேட்பான். கேட்க வேண்டியதுதான்.

வாழைச்சேனைக் காகித ஆலை நம்மட பக்கத்தில் வேலை என்றால் என்ன என்று காட்டிய இடம். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1956இல் ஓடத் தொடங்கியது. வைக்கோலில் இருந்து கடுதாசி. வயல்காரர் எரிக்கிற வைக்கோலுக்கு விலை கிடைத்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சங்கு ஊத ஒரே கேற்றால் உள்ளே போனார்கள். இன்றைக்கும் “அப்பா மில்லில வேல” என்று சொல்கிறபோது ஒரு மரியாதை இருக்கிறது.

அதே ஆலையின் கழிவுத்தண்ணி கறுப்பாக வாழைச்சேனைக் களப்புக்குள் போனது என்பதும் வரலாறுதான். இலங்கையின் நீர் மாசு பற்றிய நூல்களில் அது அடிக்கடி வரும் உதாரணம். மீனவர் ஒரு விலை கொடுத்தார்கள், ஊருக்கு ஒரு சம்பளம் வந்தது. அந்தக் கணக்கு நியாயமா இல்லையா என்று வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்குத் தட்டில் இரண்டு பக்கமும் ஏதோ இருந்தது.

தரவு மையத்தில் தட்டின் மற்றப் பக்கம் என்ன? கட்டும்போது மேசன், வயரிங், லொறி என்று ஆயிரம் பேருக்கு வேலை வரலாம். கட்டி முடிந்த பிறகு அதை ஓட்டச் சில பத்துப் பேர் போதும், பெரியதென்றால் நூறு இருநூறு பேர். காவலாளி, மின் தொழில்நுட்பவியலாளர், குளிரூட்டி பார்ப்பவர். கணினிக்கு நிரல் எழுதுகிறவன் அங்கே இருக்கத் தேவையில்லை, அவன் கொழும்பிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டே எழுதுவான். டேட்டா சென்டர் ஊருக்கு வந்தால் ஐ.ரி. வேலையும் ஊருக்கு வரும் என்று தம்பி நினைக்கிறான். அவை இரண்டும் வேறு வேறு.

இதனால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை வேலை, யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பேசலாம்.

சட்டத்தில் ஒரு ஓட்டை

“சுற்றாடல் அறிக்கை கேட்பாங்கதானே” என்று ஒருவர் சொன்னார். எல்லா நேரமும் கேட்க மாட்டார்கள். நமது தேசியச் சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது. 1988 திருத்தத்தின் மூலம் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமானது. எவை பெரிய திட்டங்கள் என்ற பட்டியல் 1993 யூன் மாத வர்த்தமானியில் இருக்கிறது. 25 மெகாவாற்றுக்கு மேற்பட்ட அனல் மின் நிலையம் அதில் உண்டு. அதனால் சம்பூருக்கு அறிக்கை எழுத வேண்டி வந்தது, சனத்துக்குக் கேள்வி கேட்க ஒரு கதவும் கிடைத்தது.

நிலத்தடி நீர் எடுப்பதற்கு அந்தப் பட்டியல் போட்ட வரம்பு ஒரு நாளைக்கு ஐந்து இலட்சம் கனமீற்றர். அதாவது 50 கோடி லீற்றர். உருகுவேயில் சனம் கொதித்தெழுந்த அளவு 76 இலட்சம் லீற்றர். நம்மட வரம்பில் அது அறுபதில் ஒரு பங்குக்குக் கிட்ட. போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை எதுவும் இந்த வரம்பைத் தொடப்போவதில்லை. கட்டடத்தின் பரப்பு, இடத்தின் தன்மை என்று வேறு வாசல்களால் ஒரு திட்டம் மதிப்பீட்டுக்குள் வரக்கூடும். ஆனால் குடிதண்ணி என்ற வாசல் அநேகமாகப் பூட்டித்தான் கிடக்கிறது.

மதிப்பீடு வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். அதைத் தமிழில் வாசித்து, கிணற்றுக்காரியிடமும் தோணிக்காரரிடமும் கேட்டு, பதில் எழுத 30 நாள் போதுமா? முன்னமே ஆயத்தமாக இருந்தால் போதும்.

பிந்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சுன்னாகம் இருக்கிறது. மின் நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நொதர்ன் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் காசு கிணற்றைக் கழுவாது. சம்பூரில் கட்டுமுன் கேட்டார்கள், சுன்னாகத்தில் குடித்த பிறகு கேட்க வேண்டி வந்தது.

கொப்பி

ஆகவே தம்பிக்கு என்ன பதில்?

டேட்டா சென்டர் வந்தால் நல்லதா கெட்டதா என்று இப்போதே சொல்ல எனக்குத் தெரியாது. வரும் நாளில் கேட்க வேண்டியவை தெரியும். எந்தத் தண்ணி, எத்தனை லீற்றர், முக்கியமாக ஆவணி புரட்டாதியில் எத்தனை லீற்றர்? கழிவுத்தண்ணி எங்கே போகும்? மின்வெட்டு நேரம் டீசல் இயந்திரம் எத்தனை ஓடும், யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில்? காணி யாருடையது, 1990க்கு முன் யாருடையது? இந்தக் கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஏறாவூர், காத்தான்குடி நண்பர்களையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுக்க முடியுமா? புல்லுமலையில் நாம் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இதற்கெல்லாம் முன் ஒரு வேலை இருக்கிறது. “இங்க ஆளே இல்ல, தண்ணி சும்மா கிடக்கு” என்று ஒருவர் அறிக்கையில் எழுதும்போது, இல்லை என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? பெரிய ஆட்களின் ஞாபகம் மட்டும்தான். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் வட்டத்தில் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் ஊரில் பத்துக் கிணறு. எத்தனை முழம் ஆழம், எந்த மாதம் வற்றும், எப்போது உப்புக் கரிக்கும், கோடையில் யார் யார் அள்ள வருகிறார்கள், இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனை வருடம் மூடிக் கிடந்தது. மேய்ச்சல் தரைக்கும் தோணித் துறைக்கும் வேறு பக்கங்கள். காத்தான்குடியில் இருந்து இரண்டு பேரும் ஏறாவூரில் இருந்து ஒருவரும் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் ஆள் வேண்டும்.

தம்பியிடம் கொப்பியைக் கொடுத்தபோது, “இத எக்செல்ல போட்டாத்தான் தேடலாம் அக்கா” என்றான். போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். முதல் பக்கத்தில் அவனுடைய அம்மம்மா வீட்டுக் கிணறு. ஆழம் மூன்று முழம். 1990இல் இருந்து 1994 வரை மூடிக் கிடந்தது. ஆவணியில் வற்றும்.